புத்தகம் நமக்கா? நாம் புத்தகத்துக்கா?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புத்தகங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதென்றால் நம் நாட்டில் வழக்கமாக என்ன பேசுவார்கள்? இது கடவுள் சொன்னது, அது ரிஷி எழுதியது, இதைப் படித்தால் புண்ணியம், அதைக் காதால் கேட்டாலே மோட்சம் என்பார்கள். நான் அந்த வியாபாரத்துக்கு வரவில்லை. அமெரிக்காவில் 2007-ம் வருஷம் வெளிவந்த ஒரு சினிமாப் படத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "ஜேன் ஆஸ்டின் புக் கிளப்" என்பது அதன் பெயர். காரென் ஜாய் ஃபௌலர் அம்மையார் 2004-ல் எழுதிய நாவலை, ராபின் ஸ்விகார்ட் என்னும் அம்மையார் படமாக்கினார். காதலும் சிரிப்பும் கலந்த கதைதான். ஆனாலும் நாம் யோசிக்க வேண்டிய சங்கதி அதில் இருக்கிறது.

கலிபோர்னியா மாகாணத்தில் ஐந்து பெண்களும் ஓர் ஆணும் சேர்ந்து ஒரு வாசகர் சங்கம் வைக்கிறார்கள். ஜேன் ஆஸ்டின் எழுதிய ஆறு நாவல்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்றுகூடி விவாதிப்பது என்று ஏற்பாடு. பெர்னடெட் என்பவர் பலமுறை கல்யாணம் செய்து கொண்டவர். சில்வியாவை, இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த புருஷன் வேறொருத்திக்காக விட்டுப் போய்விட்டான். அவர் மகள் அலெக்ரா, ஆணை விரும்பாமல் பெண்ணையே விரும்புகிறவள். ப்ரூடி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பாஷை சொல்லிக் கொடுக்கிறவர், புருஷனிடம் மனக்கசப்பு. ஜோஸ்லின் கல்யாணமே வேண்டாமென்று நாய் வளர்த்துப் பிழைக்கிறவர். ஆறாவது ஆள் கிரிக் என்னும் வாலிபர். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளைத் தவிர வேறொன்றும் அதிகமாகப் படியாதவர்.

படிக்கப் படிக்க, நாவலில் உள்ளது இவர்கள் வாழ்க்கையிலும் நடக்கிறது. "எம்மா" என்னும் நாவலில் ஒரு பெண், ஊராருக்கெல்லாம் ஜோடி சேர்த்து வைக்கப் போய், தன் மனதைத் தானே அறியாமல் இருப்பாள். ஜோஸ்லினும் அதையே செய்கிறார். கிரிக்கைத் தன் தோழி சில்வியாவுக்கு முடித்து வைக்கவே சங்கத்தில் சேர்க்கிறார். அவரோ ஜோஸ்லினையே விரும்புகிறார். தனக்குப் பிடித்த கதைகளைப் படித்துப் பார்க்கும்படி அவர் கெஞ்சியும், "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று ஜோஸ்லின் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருநாள் அர்சுலா லெ க்வின் அம்மையாரின் நாவலைப் படிக்க ஆரம்பித்தார். கீழே வைக்க மனம் வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் புத்தகத்தைப் பற்றியும் புத்தி வருகிறது, மனிதரைப் பற்றியும் புத்தி வருகிறது. படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் வியாதி அமெரிக்காவில் மாத்திரம்தானா இருக்கிறது, தோழர்களே?

சரி, அந்த ஜேன் ஆஸ்டின் யார்? 1775-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1811-ல் முதல் நாவல் வெளிவந்தபோது, தலைப்புப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் "ஒரு மாது எழுதியது" என்று மாத்திரம் போட்டுக் கொண்டார். 1802-ல் சொத்துள்ள ஒருவருக்கு வாழ்க்கைப்பட ஒப்புக்கொண்டு, மறுநாள் காலையிலேயே "முடியாது" என்று சொல்லிவிட்டவர். 1817-ல் 41-வது வயதில் இறக்கும் வரையில் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. அக்காலத்து இங்கிலாந்தில் பெண் கல்யாணமானால் அவள் பொருளெல்லாம் புருஷனுடையது. 1870-லும் 1882-லும் சட்டம் செய்த பிறகுதான் அந்நிலை மாறியது. அவர் 1813-ல் வெளியிட்ட நாவலில், ஐந்து பெண்கள் உள்ள வீட்டின் நிலமெல்லாம், ஆண்பிள்ளை இல்லாத குற்றத்துக்காக ஓர் உறவினனுக்குப் போய்ச் சேரும். 27 வயதான சார்லெட் என்பவள், அவன் மூடன் என்று தெரிந்தும் அவனையே மணக்கிறாள். காதலாலா? இல்லை; சோற்றுக்கும் வீட்டுக்கும்!

இப்போது யோசியுங்கள். சார்லெட்டின் மனதும் படத்தில் வரும் பெண்களின் மனதும் ஒன்றுதான். ஆனால் கதி வேறு. ஏன்? ஜோஸ்லினுக்கும் ப்ரூடிக்கும் சொந்தச் சம்பாத்தியம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1970 ஜனவரி முதல், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமலே விவாக ரத்துப் பெறலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆகையால்தான் அங்கே காதல் கதை சிரிப்புக் கதையாக முடிகிறது. சொத்தும் சட்டமும் இல்லாத இடத்தில் அதே கதை ஒப்பாரியாகத்தான் முடியும். இதை அறிந்துதான் 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆணோடு சமமான சொத்துரிமையும் விவாகத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் வர 2005 ஆயிற்று.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, ஆறு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஆறு விதமாகப் பேசுவதுதான். ஒருவர் மெச்சிய பாத்திரத்தை மற்றவர் திட்டுகிறார். அதற்காக யாரும் நரகத்துக்குப் போவதில்லை. யாரையும் ஜாதியை விட்டுத் தள்ளுவதில்லை. புத்தகத்தை இப்படியல்லவா படிக்கவேண்டும்!

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ப்ரூடி தன் மாணவன் ஒருவனோடு தவறான வழியில் போகவிருக்கும் சமயம், சாலைச் சைகை விளக்கில் "ஜேன் என்ன செய்வார்?" என்ற எழுத்துத் தோன்றுகிறது. அவர் திரும்பி வீட்டுக்குப் போகிறார். திரும்பியது நல்லதுதான். ஆனால் 1817-ல் இறந்துபோனவர் என்ன செய்வார் என்று ஏன் கேட்கவேண்டும்? "நான் செய்வது யாருக்குத் தீங்கு? படிக்கிற பிள்ளைக்கு இது நியாயமா?" என்று தன் புத்தியைக் கேட்டிருந்தால் அதே பதில் கிடைத்திருக்குமே! இன்று ஜேனைக் கேட்கிறவர் நாளை மனுவைக் கேட்டால் யார் தடுப்பது? மற்றொன்று: ஓடிப்போன புருஷன் திரும்பி வந்ததும் சில்வியா ஏற்றுக் கொள்கிறார். அது அவர் இஷ்டம். ஆனால் சில்வியா ஓடிப்போய்த் திரும்பி வந்திருந்தால், கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதே சந்தோஷத்தோடு கை தட்டியிருப்பார்களா என்று உங்களைக் கேட்கிறேன்.

தோழர்களே! நம் படிப்பகத்துக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். பத்திரிகையை ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுவிட்டு எழுந்து போனால் போதாது. மாதம் ஒரு புத்தகம் எடுங்கள். தாய்மார்களையும் கூட்டி வைத்துப் பேசுங்கள். ஒப்பாததை ஒப்பவில்லை என்று சொல்லுங்கள். நம் இயக்கப் புத்தகமானாலும் அப்படியே செய்யுங்கள். நான் இப்போது சொன்னதையும் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.