அந்தாதி பாடிய கையே குறவஞ்சியும் பாடிற்று

(தென்காசியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



‘கலைஞன் ஒருவனின் வளர்ச்சியும் நடைமாற்றமும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத் தலைப்பைக் கேட்டவுடன், மேலைநாட்டு ஓவியர் பிக்காசோவைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எண்ணியிருக்கலாம். அவர் இளமையில் நீலநிறத்தையே மிகுத்துத் தீட்டினார். பின்னர் இளஞ்சிவப்புக்கு மாறினார். அதன்பின் உருவங்களை உடைத்துக் கட்டங்கட்டமாக வரைந்தார். ஒருவர் கையில் இத்தனை நடைகளா என்று உலகம் வியந்தது, வியக்கத் தக்கதே. ஆயின், இத் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் என்றோர் ஊர் உளது. அவ்வூரிற் பிறந்த ஒரு பாவலர், ஓவியர் வண்ணத்தாற் செய்ததைச் சொல்லாற் செய்து, பிக்காசோவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னரே வாழ்ந்து மறைந்தார். அவரே திரிகூடராசப்பக் கவிராயர். நம் வீட்டு முற்றத்து முல்லையின் மணத்தை நாமே பேசாவிடின் வேறு யார் பேசுவார்? ஆகவே, அவரையே இன்று என் பொருளாகக் கொண்டேன்.

முதற்கண் இம் மண்ணின் மரபு ஒன்றை நினைவூட்ட விழைகின்றேன். இத் தென்காசியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் இருவேறு நூல்களைப் பாடினார். ஒன்று நைடதம். அணியும் புனைவும் செறிந்த அதனைப் புலவர்க்கு மருந்து என்றே கற்றோர் வழங்குவர். மற்றொன்று வெற்றிவேற்கை. நறுந்தொகை எனவும் பெயர்பெறும் அச் சிறுநூலைத் திண்ணைப்பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். அரியணையில் இருந்த ஒருவரே கற்றோர்க்கு ஒரு நடையும் கன்னற்சொல் மழலையர்க்கு ஒரு நடையும் கைக்கொண்டார். இம் மரபின் வழித்தோன்றலாகவே மேலகரத்துப் பாவலரை யான் காண்கின்றேன்.

அவர் குற்றாலநாதர் கோயிற் புலவராக விளங்கியவர். குற்றாலம் என்னும் ஓர் ஊரையே நூல் பலவற்றுக்குப் பொருளாக்கியவர். குற்றாலத் தலபுராணம், குற்றால மாலை, குற்றாலச் சிலேடை வெண்பா, குற்றால யமக அந்தாதி, குற்றால உலா, குற்றால ஊடல், பிள்ளைத்தமிழ், நன்னகர் வெண்பா எனப் பட்டியல் நீளும். இவற்றோடு சேர்ந்ததே திருக்குற்றாலக் குறவஞ்சி. மலையும் அருவியும் கோயிலும் மாறவில்லை. பாடும் நடைதான் நூலுக்கு நூல் மாறிற்று. இந் நூல்களை ஆண்டுவாரியாக அடுக்குதல் என் நோக்கமன்று. நடைவாரியாக அடுக்கி, அந் நடைமாற்றம் எதனைக் காட்டுகின்றது என்று ஆய்வதே என் நோக்கம்.

அடுக்கின் ஒரு முனையில் யமக அந்தாதி நிற்கின்றது. யமகம் என்பதைத் தமிழில் மடக்கு என்போம். ஒரே எழுத்துத்தொடர் பாட்டின் நான்கு அடிகளிலும் மடங்கி மடங்கி வரும். கேட்பதற்கு ஒன்றாகவே இருக்கும்; பிரித்தால் அடிதோறும் பொருள் வேறாகும். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகவும் வேண்டும். இரு தளைகளைக் காலில் பூட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் இது! சிலேடை வெண்பாவும் அத்தகையதே. ஒரு சொற்றொடர் இரு பொருளுக்கும் ஒருங்கே இசைய வேண்டும். இத்தகைய பாட்டுக்குச் சொற்களஞ்சியம் முழுதும் கைவசம் இருத்தல் வேண்டும். இலக்கணம் எலும்பில் ஊறியிருத்தல் வேண்டும். கற்றவர் கூடிய அவையில், கற்றவர் வியக்கப் பாடிய பாட்டு அது.

மற்றொரு முனையில் குறவஞ்சி நிற்கின்றது. இறைவன் உலா வருகின்றான். பந்தாடிக் கொண்டிருந்த வசந்தவல்லி அவனைக் கண்டு காதல் கொள்கின்றாள், நிலவைப் பழிக்கின்றாள், தோழியைத் தூது விடுக்கின்றாள். அந் நிலையில் குறத்தி வருகின்றாள். தன் மலையின் வளத்தைப் பாடிக் குறி சொல்கின்றாள். அணிகலன்களைப் பரிசாகப் பெறுகின்றாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகின்றான். புள் பிடிக்கக் கண்ணி வைத்தவன், தன் சிங்கியைக் காணாமல் தவிக்கின்றான்; இறுதியிற் காண்கின்றான். இவ்வளவே கதை. ஆயின் வெண்பாவும் விருத்தமும் கண்ணியும் மாறிமாறி வர, இடையிடையே பண்ணும் தாளமும் குறித்த இசைப்பாட்டுகள் எழ, நூல் முழுதும் கூத்தாகவே நடக்கின்றது. வசந்தவல்லி பந்தாடும் பாட்டை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்! பந்து எழுவதும் விழுவதும் பாட்டின் நடையிலேயே கேட்கும்.

இவ்விடத்தில் என் பிழையொன்றை இவ் அவைமுன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கல்லூரியில் தமிழ் பயின்று, புதிதாக ஆசிரியப் பணியேற்ற காலம். வகுப்பில் ஒருநாள் மடக்குப் பாட்டொன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பாடவேளை முழுதும் பிரித்துப் பிரித்துப் பொருள் உரைத்தேன். என் புலமையில் எனக்கே பெருமிதம்! மாணவரோ உறங்கி வழிந்தனர். கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் ஆச்சி குற்றாலத்துப் பாட்டுப் பாடுவார்கள்; நான் பாடட்டுமா?” என்று கேட்டு, சிங்கன் சிங்கி உரையாடும் பாட்டைத் தொடங்கினான். வகுப்பு விழித்துக்கொண்டது. யானோ, “கூத்துப் பாட்டை இங்கே கொணராதே; உட்கார்” என்று அதட்டினேன். அதன்பின் அவ் ஆண்டு முழுதும் அவன் தமிழ் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

சில திங்கள் கழித்து அவன் ஆச்சியைக் குற்றாலச் சந்தையில் காண நேர்ந்தது. எழுத்தறியாதவர். குற்ற உணர்வினால் அப் பாட்டைப் பற்றி யானே பேச்செடுத்தேன். அதில் வரும் ‘பாடகம்’ என்னும் அணியின் பொருளை முந்தைய நாள்தான் அகரமுதலியிற் பார்த்திருந்தேன். அதனை அவர்க்கு விளக்கப் புகுந்தபோது அவர் சிரித்துவிட்டார். “பாடகமா ஐயா? என் ஆத்தாள் காலில் கிடந்ததே!” என்றார். யான் நூலிற் தேடிய சொல் அவர் வீட்டுக் காலிற் கிடந்திருக்கின்றது! அன்றுதான் குறவஞ்சியை யான் முதன்முறையாகப் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்லல் வேண்டும்.

அப்படிப் படித்தபோது யான் கண்டவை மூன்று.

முதலாவது, பாவலர் தம் புலமையைக் குறவஞ்சியில் துறக்கவில்லை, கைமாற்றிக் கொடுத்துள்ளார். மலைவளமும் நாட்டுவளமும் நகர்வளமும் பாடுதல் பெருநூல்களின் மரபு. அங்கே அவற்றைப் புலவரே தம் வாயாற் பாடுவார். குறவஞ்சியிலோ அம் மலைவளத்தையும் நாட்டுவளத்தையும் குறத்தியின் வாயில் வைத்தார். மரத்தில் தாவும் குரங்குகளையும் அருவித் திரையையும் அவள் தன் வீட்டுச் செல்வத்தைச் சொல்வதுபோற் சொல்கின்றாள். அரசன் தன் நாட்டைச் சொல்லும் பெருமிதம் காடு திரியும் ஒரு பெண்ணின் குரலிற் கேட்கின்றது. பெருநூல் இலக்கணம் அங்கேயே இருக்கின்றது. பாடும் வாய் மட்டும் மாறியது. வாய் மாறியதும் பாட்டுக்கு உயிர் வந்தது.

இரண்டாவது, ஊரின் மெய்ம்மை நூலுள் நுழைந்தது. சிங்கன் பறவைகளைக் காணும் பகுதியில் அவை மேயும் வயல்கள், குளங்கள், ஏரிகள் பெயர் பெயராக வருகின்றன. உழுது பயிரிட்ட மக்கள் தம் வயலின் பெயரைப் பாட்டிற் கேட்டிருப்பர் அல்லவா? தன் வயற்பெயரைப் பாட்டிற் கேட்ட உழவன் அப் பாட்டை மறப்பானா?

மூன்றாவது, இரட்டுறமொழியும் திறம் நகையாக மலர்ந்தது. சிங்கி பரிசு பெற்ற அணிகளைச் சிங்கன் அறியான். காலிற் கிடக்கும் சிலம்பு அவனுக்குக் கடித்துக் கிடக்கும் பாம்பாகத் தோன்றுகின்றது. நெளியும் பாடகம் மண்புழுவாகத் தெரிகின்றது. அவன் ஐயுற்று வினவ, அவளோ, இது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு, இது பாண்டியன் மகளுக்குக் குறி சொல்லிப் பெற்ற பாடகம் என்று விடையிறுக்கின்றாள். ஒரு பொருளை இருவர் இரண்டாகக் காணும் இக் காட்சியை எண்ணிப் பாருங்கள்! சிலேடை வெண்பாவில் சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரட்டைப் பொருள், ஈண்டுக் கணவன் மனைவியாக எழுந்து நின்று பேசுகின்றது. அந்தாதி பாடிப் பழகாத கை இதனைச் செய்திருக்க இயலாது என்பது என் துணிபு.

இனி, சிலர் வினவலாம்: “கற்றோர்க்குரிய அரிய நடையை விட்டுப் பாமரர் நடைக்கு இறங்கியது வளர்ச்சியா, தளர்ச்சியா?” இதற்கு விடை, நம் பேரருவியிலேயே உள்ளது. தேனருவியும் செண்பக அருவியுமாக மலைமேல் விழுந்துவரும் சிற்றாற்று நீர், பேரருவியில் நேரே தரைக்கு வந்து விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுகின்றது. அங்கே தன் வேகத்தை அடக்கிப் பொங்கி, அதன்பின்னரே பரந்து கீழே இழிகின்றது. நேரே விழுமாயின் அதன் அடியில் எந்தத் தலையும் நிற்கமுடியாது. பொங்குமாங்கடல் இடைநின்று தாங்குவதாலன்றோ கைக்குழந்தையை ஏந்திய தாயும் அதன் ஓரத்தில் நீராடுகின்றாள்! நீரின் பெருமை குன்றிற்றா? இல்லை. மக்கள் தாங்கும் வடிவிற்கு வந்தது. திரிகூடராசப்பரின் கல்வியும் அத்தகையது. மடக்கும் சிலேடையும் அவர் நெஞ்சத்துப் பொங்குமாங்கடல்; குறவஞ்சி அதிலிருந்து வழிந்த அருவி. குழி இல்லையேல் அருவி கொல்லும். அருவி இல்லையேல் குழி வெறுந் தேக்கம்.

வேறொரு வினாவை நம் இயக்க நண்பர்களே எழுப்புவர். “குறவஞ்சியில் வடசொற்கள் விரவியுள்ளனவே?” என்பர். உண்மை, உள்ளன. மறைத்தல் நேர்மையன்று. பாடியவர் பெயரிலும் வடசொல் உளது. தலைவி வசந்தவல்லியின் பெயரிலும் உளது. அக்காலப் புலவர் வழக்கு அது. ஆயின் என் படிப்பிற் கண்டதைச் சொல்கின்றேன். அவர் எங்கெங்குச் சிங்கனையும் சிங்கியையும் பேச விடுகின்றாரோ, அங்கங்கெல்லாம் தமிழ் தன் இயல்பிலே துள்ளி வருகின்றது. தூய தமிழை நாம் ஏட்டில் மட்டும் தேடுகின்றோம். அது காட்டிலும் வயலிலும் பேச்சில் வாழ்ந்துகொண்டிருந்தது என்பதற்குக் குறவஞ்சியே சான்று. இதனைப் பழியாக எடுத்துக்கொள்ளாமல் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இந் நடைமாற்றத்தை அக்காலம் மதித்ததா? மதித்தது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்கச் சொக்கநாத நாயக்கர் இக் குறவஞ்சிக்காக நிலம் வழங்கினார். அந் நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் பெற்றது. பிற்காலம் மதித்ததா? குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டில் மறைந்த டி.கே. சிதம்பரநாதனார் இதன் சுவையைத் தம்மைத் தேடி வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்கினார். 1944ஆம் ஆண்டில் உருக்குமணி தேவியார் சென்னைக் கலாசேத்திரத்தில் இதனை ஆடல்நாடகமாக அரங்கேற்றினார். மேலகரத்துப் பாட்டு சென்னை மேடையேறியது குறித்து மகிழ்வோம்.

ஆயின் என் கவலை வேறு. மேடையில் ஆடுவோர் உளர்; தேர்வுக்கு ஒரு பாட்டை உருப்போடுவோர் உளர்; அவ் ஆச்சியைப்போல் வாயாரப் பாடுவோர் எத்தனை பேர்? 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஐந்தருவியில் குளித்துத் திரும்புகின்றனர். அவ் அருவியைப் பாடிய பாட்டை அறியாமலே திரும்புகின்றனர். இப் பழி அவர்கள்மேல் இல்லை. வாய் திறந்த சிறுவனை உட்காரச் சொன்ன என்போன்ற ஆசிரியர்மேல் உளது.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, ஒன்றே ஒன்று வேண்டுகின்றேன். குறவஞ்சியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளை பாடட்டும், ஆடட்டும், சிரிக்கட்டும். ‘பாடகம் என்றால் என்ன?’ என்று தன் ஆச்சியைக் கேட்டு வரட்டும். சுவை கண்ட பிள்ளை தானே மேலேறி அந்தாதிக்கும் வருவான். யான் அந்தாதியை எறிந்துவிடச் சொல்லவில்லை; அது மலைமேல் இருக்கும் நீர். மலையடியில் கால் நனைத்தவனே மலையேற விரும்புவான்.

கலைஞனின் வளர்ச்சி யாது என்று கேட்டீர்கள். நேற்று எட்டாதவரை இன்று எட்டுவதே வளர்ச்சி. எட்டும்போது தான் கற்றதை இழவாமல் எட்டுவதே அவ் வளர்ச்சியின் அளவுகோல். மேலகரத்துப் பாவலர் எட்டினார். அன்று யான் உட்காரவைத்த அச் சிறுவன் இன்று எங்கிருக்கின்றானோ? எங்கிருப்பினும், அப் பாட்டை அவன் தன் பிள்ளைக்குப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் விழைவு. அவன் பாடினால் என் பிழை சிறிது தீரும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க்கலை!