தொண்டும் தொழிலும்: ஹெக்கோடு நாடகக் குழு தரும் பாடம்

(ஆலயத் திருவிழாக் கலை இரவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாடகக் கலையைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தார்கள். அதற்கான காரணத்தை நீங்கள் அறிவீர்கள். நம் ஆலய இளைஞர் நாடகக் குழு பல்லாண்டுகளாக இம்மண்டபத்தில் ஊதியம் எதுவும் பெறாமல் நாடகங்களை நடத்தி வருகிறது. இப்பொழுது வெளியூர் ஆலயங்களும் பள்ளிகளும் அவர்களை அழைக்கின்றன. ஆகவே, தங்கள் குழுவைத் தொழில்முறைக் குழுவாக அமைத்துக்கொள்ளலாமா என்னும் வினாவை அவ்விளைஞர்கள் நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் இப்போதைய வேலையை விட்டு முழுநேரமும் இதில் இறங்கவும் எண்ணுகின்றனர். அவர்களைப் பெற்றவர்களும் இந்த அவையில் கவலையோடு அமர்ந்திருக்கிறார்கள். எனவே இது வெறும் கலை ஆராய்ச்சி அன்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு.

பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள்: "சந்நிதியில் தொண்டாகச் செய்ததைக் காசுக்குச் செய்வது முறையா?" இளைஞர்கள் கேட்கிறார்கள்: "பகல் முழுவதும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ஒத்திகைக்கு வந்தால் கலை எப்படி வளரும்?" இரண்டு வினாக்களுமே நியாயமானவை. இவ்விரண்டிற்கும் ஒருங்கே விடை கண்ட ஓர் ஊரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவ்வூரின் பெயர் ஹெக்கோடு. கர்நாடக மாநிலத்தில், சிவமொக்கா மாவட்டத்தில், சாகர வட்டத்தில் உள்ள சிற்றூர். மழை மிகுந்த மலைநாடு. புகழ்பெற்ற ஜோக் அருவியும் அதே வட்டத்தில்தான் இருக்கிறது. மக்களின் முதன்மைத் தொழில் பாக்குத் தோட்ட வேளாண்மை. இத்தகைய ஊரில் 1949ஆம் ஆண்டு ஒரு நாடகக் குழு தோன்றியது. அதன் பெயர் ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்ய சேவா சங்கம். நஞ்சுண்ட கண்டனாகிய சிவபெருமானின் திருநாமத்தைச் சூடி, 'சேவை' என்னும் சொல்லையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட குழு அது. பெயரின் எழுத்துகளைச் சுருக்கி 'நீனாசம்' என்று அழைக்கிறார்கள். தமிழ்ச் செவிக்கு அச்சொல் சற்று வேறாக ஒலிக்கலாம். ஆயினும் அது ஆக்கத்தின் பெயரே அன்றி அழிவின் பெயர் அன்று.

அக்குழுவை வளர்த்தெடுத்தவர் கே.வி. சுப்பண்ணா. 1932இல் பிறந்தவர். சங்கம் தோன்றியபோது அவருக்கு வயது பதினேழு. மைசூரில் கல்லூரிப் படிப்பை முடித்தபின் நகரத்தில் தங்கிவிடாமல், ஊருக்கே திரும்பிப் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாடகப் பணியையும் மேற்கொண்டார். 'அக்ஷர பிரகாசன' என்னும் பதிப்பகத்தையும் அச்சிற்றூரிலிருந்தே நடத்தினார். குழுவில் நடித்தவர்கள் ஊர்க்காரர்கள். பகலில் தோட்டத்திலும் கடையிலும் வேலை, மாலையில் ஒத்திகை. நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே அன்றோ?

இனி, அவர்கள் ஏறிய படிகளை வரிசையாகக் காண்போம். அந்த வரிசையில்தான் பாடம் இருக்கிறது.

1972இல் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தரின் பெயரால் ஓர் அரங்கத்தைக் கட்டினார்கள். 1973இல் திரைப்படச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். சத்யஜித் ரே, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா முதலியோரின் படங்களை அவ்வூர் விவசாயிகள் கண்டு, கூடி விவாதித்தார்கள். நாடகக் குழுவிற்குத் திரைப்படம் எதற்கு என்று நாம் கேட்கலாம். நல்ல கலையைக் கண்டு பழகிய கண் இருந்தால்தான் நல்ல நாடகத்திற்கு மதிப்பு உண்டாகும். நடிகரை உருவாக்குவதற்கு முன் பார்வையாளரை உருவாக்கினார்கள்.

1980இல் நாடகப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் கர்நாடகத்தின் பல பகுதிகளிலிருந்தும் சிறு எண்ணிக்கையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நடிப்பு, ஒப்பனை, ஒளியமைப்பு, அரங்க அமைப்பு, நாடக இலக்கியம் ஆகியவற்றைக் கன்னட மொழியிலேயே கற்பித்தார்கள். உலக நாடக அறிவைத் தாய்மொழியில் தர இயலும் என்பதை ஒரு கிராமம் செய்து காட்டியது. தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற என் போன்றோருக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

1983 முதல் 1985 வரை 'ஜனஸ்பந்தன' என்னும் திட்டத்தின் வழியாக மாநிலத்தின் பல ஊர்களுக்குச் சென்று நாடகப் பயிற்சிகளும் திரைப்பட விளக்க முகாம்களும் நடத்தினார்கள். இதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறநிறுவனம் நிதியுதவி செய்தது. ஊர்தோறும் நல்ல நாடகத்திற்கான ஆவல் இருப்பது அப்பொழுது தெளிவாயிற்று. மற்றொரு பக்கம், பள்ளியில் பயிற்சி முடித்து வெளிவந்த இளைஞர்களுக்குத் தொழில் செய்யக் களம் தேவைப்பட்டது.

இவ்விரண்டும் கூடிய நிலையில்தான் 1985இல் 'திருகாட்ட' என்னும் பயணக் குழு பிறந்தது. கன்னடத்தில் அச்சொல்லுக்குச் சுற்றித் திரிதல் என்பது பொருள். இக்குழுவினர் ஊதியம் பெறும் முழுநேரக் கலைஞர்கள். மழைக்காலத்தில் ஹெக்கோட்டில் தங்கி ஒத்திகை பார்ப்பார்கள். பின்னர் காட்சிப் பொருள்கள், விளக்குகள், உடைகள் அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார்கள். காளிதாசரும் ஷேக்ஸ்பியரும் கன்னட நாடகாசிரியர்களும் அவ்வண்டியில் ஒன்றாகப் பயணம் செய்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. சென்ற இடங்களில் உள்ளூர் அமைப்புகளே அரங்க ஏற்பாட்டைச் செய்து அவர்களை வரவேற்றன. ஓராண்டுப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளை நடத்தும் அளவிற்கு அக்குழு வளர்ந்தது.

1991ஆம் ஆண்டு சுப்பண்ணாவிற்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. 2005இல் அவர் மறைந்தார். அவர் மறைவோடு சங்கம் மறைந்துவிடவில்லை. அவருடைய மகனார் கே.வி. அக்ஷரா போன்றோர் பணியைத் தொடர்ந்தனர். ஒரு மனிதரின் ஆர்வத்தில் தொடங்கியது நிறுவனமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அன்பர்களே, ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 1949 முதல் 1985 வரை முப்பத்தாறு ஆண்டுகள். முதலில் குழு, பிறகு அரங்கம், பிறகு பார்வையாளர், பிறகு பள்ளி, எல்லாவற்றிற்கும் பின்னரே ஊதியம் பெறும் குழு. அடித்தளம் இடாமல் இராஜகோபுரம் எழுப்புவார் உண்டோ?

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1985இல் தொழில்முறைக் குழு தோன்றியபோது, பழைய ஊர்க்குழுவைக் கலைத்துவிடவில்லை. ஊர்மக்கள் ஊதியமின்றி நடிக்கும் குழு ஒரு பக்கம் தொடர்ந்தது. ஊதியம் பெறும் பயணக் குழு அதன் அருகிலேயே வளர்ந்தது. அதாவது, ஊர்க்குழு தொழில்முறைக் குழுவாக மாறவில்லை. தொழில்முறைக் குழுவைப் பெற்றெடுத்தது. மாறுவது வேறு, பெற்றெடுப்பது வேறு. தாய் தாயாகவே இருந்தாள். பிள்ளை வெளியூர் சென்று சம்பாதித்தது.

இதற்கு மாறான ஒரு படிப்பினையும் அதே மாநிலத்தில் உண்டு. 1884இல் குப்பி என்னும் ஊரில், சென்னபசவேஸ்வரர் பெயரால் ஒரு நாடக சபை தோன்றியது. பிற்காலத்தில் குப்பி வீரண்ணாவின் தலைமையில் அது மாபெரும் தொழில்முறை நிறுவனமாகப் புகழ்பெற்றது. அரங்கில் வியக்கத்தக்க காட்சிகளை அமைத்துக் காட்டியது. ஆயினும் திரைப்படம் வந்தபின் இத்தகைய நாடகக் கம்பெனிகள் பலவும் நலிவுற்றன. நுழைவுச்சீட்டு வருமானம் ஒன்றையே நம்பி நிற்கும் நாடகம், காலம் மாறும்போது தள்ளாடுகிறது. ஆனால் அங்குக் கற்றது வீண்போகவில்லை. சிறுவயதில் குப்பிக் கம்பெனியில் சேர்ந்த பி.வி. காரந்த், பின்னாளில் இந்திய நாடக உலகின் பெரும் இயக்குநராகி, ஹெக்கோட்டிலும் நாடகங்களை இயக்கினார்.

நிற்க. "காசு வாங்கினால் தொண்டு கெடாதா?" என்னும் வினாவிற்கு வருகிறேன். இதற்கான விடையை நாம் ஹெக்கோட்டில் தேட வேண்டியதில்லை. நம் ஆலயத்திலேயே இருக்கிறது. நாதஸ்வர வித்துவானுக்கும் தவில் வித்துவானுக்கும் நாம் சம்பாவனை தருகிறோம். கோபுரத் திருப்பணிக்கு வந்த சிற்பிகளுக்குக் கூலி தந்தோம். அதனால் அந்த மங்கல இசையில் பக்தி குறைந்ததாகவோ, அச்சிற்பங்களில் தெய்வீகம் குறைந்ததாகவோ எவரும் சொல்வதில்லை. அதே சந்நிதியில், ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள். அவர்களுக்கு நாம் ஊதியம் தருவதில்லை. வித்துவானும் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். ஒருவர் வந்தார் என்பதற்காக மற்றவரை வெளியேறச் சொல்வதில்லை. நாடகத்திற்கும் இதே முறை பொருந்தும்.

முற்காலத்தில் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரைக் 'கூத்தாடி' என்று இழித்துரைத்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கற்றவர்களும் அலுவலகப் பணியாளர்களும் மேடையேறலாம் என்று காட்டி அந்த இழிவைத் துடைத்தார். அவர்களுடையது பயில்முறைக் குழு. மறுபக்கம், சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்தையே வாழ்வாகக் கொண்ட தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்கினார். தமிழ் நாடகம் இவ்விரு கால்களாலும் நடந்தது. மலாயாவுக்குக் கப்பலேறி வந்து நடித்த தமிழ்நாட்டுக் குழுக்கள் தொழில்முறையின. தோட்டங்களில் நம் முன்னோர் திருவிழாக்காலத்தில் இரவெல்லாம் ஆடிய காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஊர்மக்களின் உடைமை. இரண்டும் நம் சொத்து.

ஆகவே என் பணிவான கருத்துகள் மூன்று. முதலாவது, ஆலய நாடகக் குழு ஆலயக் குழுவாகவே, ஊதியமின்றித் தொடரட்டும். புதிய பிள்ளைகள் அதில் சேர்ந்து வளரட்டும். தொழில்முறைக் குழு அதன் அருகில் தனி அமைப்பாக எழட்டும். இரண்டின் கணக்கும் ஒருநாளும் கலக்கக்கூடாது. ஆலயம் சங்கமாகப் பதிவு பெற்றது. வாணிக நிறுவனத்திற்குரிய பதிவு வேறு. உண்டியல் பணமும் நாடக வருமானமும் ஒரே பெட்டியில் விழுந்தால், நாளை கலையும் கெடும், உறவும் கெடும்.

இரண்டாவது, வேலையை விடுவதற்கு முன் முறையான பயிற்சி வேண்டும். ஆர்வம் ஆண்டுக்கு ஒரு நாடகத்தைத் தாங்கும். நூறு காட்சிகளைத் தாங்குவது பயிற்சியே. பிள்ளைகள் சம்பளத்திற்கு நடிப்பார்களாயின், எழுத்து வடிவ ஒப்பந்தமும், ஊழியர் சேமநிதியும், சொக்சோ பாதுகாப்பும் முறைப்படி அமைய வேண்டும். பெற்றோரின் கவலைக்கு மருந்து அறிவுரை அன்று, ஒழுங்கான ஏற்பாடு.

மூன்றாவது கருத்து நமக்கே உரியது. ஹெக்கோட்டு மக்கள் தம் நாடகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நாமோ இலவசமாக நடந்தால் மண்டபத்தை நிரப்புகிறோம்; பத்து ரிங்கிட் நுழைவுச்சீட்டு என்றால், தெரிந்தவரிடம் இலவசச் சீட்டுக் கேட்கிறோம். "நம் பிள்ளைதானே நடிக்கிறான்" என்று சொல்லிப் பணம் கொடுக்கத் தயங்குகிறோம். நம் பிள்ளை என்பதற்காகவே முதல் வரிசைச் சீட்டை வாங்க வேண்டாமா? ஒத்திகைக்கு மண்டபத்தைத் தருவது நிர்வாகத்தின் கடமை என்றால், சீட்டு வாங்கி வந்து அமர்வது நம் கடமை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். வெளியூர் மேடைகளில் எவ்வளவு புகழ் பெற்றாலும், ஆண்டுக்கு ஒருநாள் இந்தச் சந்நிதியில் வந்து ஊதியமின்றி ஆடுங்கள். உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் கற்றதைக் கற்றுக்கொடுங்கள். அதைச் செய்யும் வரையில் உங்கள் தொழிலைத் தொண்டு அன்று என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆடல்வல்லானாகிய கூத்தப்பெருமானின் அருளால் இம்முயற்சி அவசரமின்றி, ஆனால் தளர்ச்சியுமின்றி நிறைவேற வேண்டும் என்று வேண்டுகிறேன்.