எல்க் வேட்டைக்கு இடம் பார்த்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, பதினைந்து நிமிஷம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, விசாவைப் பத்தி மட்டும் வேண்டாம். போன தடவை மூணு பேர் அதையே பேசிட்டாங்க" என்றார். அதனால் நான் வேட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன் வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். இங்கே அது சரியான சட்டம்தான். நான் இருக்கும் கொலராடோவில் கதை வேறு. எல்க் என்பது நம் கடமானுக்குச் சொந்தக்கார மிருகம். வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குள் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, அந்த மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு பக்கத்து மாநிலமான வயோமிங்கிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து விட்டார்கள், வேட்டைக்குக் கணக்கு வைத்தார்கள். இன்று 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பராமரிப்புக்குப் பெரும் பணம் வேட்டை லைசென்ஸ் கட்டணத்திலிருந்தும், 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென ஒதுக்கிய துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்தும் வருகிறது. சுடுகிறவன்தான் செலவைக் கொடுக்கிறான். இது பிடிக்காதவர்கள் அங்கேயும் உண்டு. அந்த விவாதத்துக்கு இன்று நேரமில்லை.

என் பிரச்சினை வேறு. கொலராடோவில் காடு யார் வேண்டுமானாலும் போகலாம் என்ற பொதுநிலம். ஒயிட் ரிவர் தேசியக் காடு ஒன்றே சுமார் 23 லட்சம் ஏக்கர். நான் தொடங்கியபோது, அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாம் ரைபிள் சீசனுக்குப் பல பகுதிகளில் குலுக்கலே இல்லை. கடையில் போய்ப் பணம் கட்டினால் லைசென்ஸ் கையில் கொடுத்துவிடுவார்கள், எத்தனை பேருக்கு என்ற உச்சவரம்பும் கிடையாது. ஆகவே எத்தனை லட்சம் ஏக்கர் இருந்தால் என்ன? தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு முப்பது, நாற்பது வண்டிகள். குதிரை ஏற்றி வந்த டிரெய்லர்கள். புகைக்கூண்டு வைத்த கான்வாஸ் கூடாரங்கள். எல்லோர் மேலும் சட்டப்படி 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு. சூரியன் உதிக்க அரை மணிக்கு முன் சுட அனுமதி. அந்த நிமிஷமே எங்கேயோ முதல் வெடி கேட்கும். அதோடு எல்க்குக்கு விஷயம் புரிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே புரிந்துவிடும். செப்டம்பர் முழுக்க வில் அம்புக்காரர்கள், நடுவில் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்கள், அக்டோபர் நடுவில் முதல் ரைபிள் சீசன். நாங்கள் போய்ச் சேரும்போது அது ஏழெட்டு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் மிருகம்.

முதல் வருடம் நான் செய்தது, நம் கல்லூரியில் படித்த எவனும் செய்வதுதான். புள்ளிவிவரத்தை எடுத்தேன். வனவிலங்குத் துறை ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை எல்க் கிடைத்தது என்று வருடா வருடம் வெளியிடுகிறது. மாநிலம் முழுக்கப் பார்த்தால் சுமாராக ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. வெற்றி சதவீதம் அதிகமான யூனிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருமையாகப் போனேன். நாலு நாளில் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. விசாரித்தால், அந்த யூனிட்டில் நல்ல நிலமெல்லாம் தனியார் பண்ணை. எல்க் அங்கே நிற்கிறது, பண்ணைக்காரருக்குப் பணம் கட்டியவர்கள் அங்கே சுடுகிறார்கள், அந்தக் கணக்கும் இந்தச் சதவீதத்தில்தான் சேர்கிறது. பொதுநிலம், தனியார் நிலம் இரண்டையும் கலந்த சராசரியை நம்பினேன். ஸ்டாடிஸ்டிக்ஸில் எனக்கு அரியர் இருந்தது என் பேட்ச்சுக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கூட்டம் ரோட்டோரம்தானே, நாம் தூரமாகப் போவோம் என்று முடிவு. அந்தத் தடவை முதல் ரைபிள் சீசனில் குலுக்கலில் பெட்டை எல்க்குக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. நானும் ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவரும் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போனோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்றைச் சுட்டேன். ஒரே தோட்டா, சுத்தமாக விழுந்தது. ரொம்ப சந்தோஷம். அப்புறம்தான் கணக்கு ஆரம்பித்தது.

எலும்போடு நாலு சுமை, ஒவ்வொன்றும் 25 கிலோவுக்குக் குறையாது. ஒரு ஆளுக்கு இரண்டு சுமை என்றால், சுமையோடு வெளியே, வெறுங்கையாக உள்ளே, மறுபடி சுமையோடு வெளியே. மூன்று நடை. ஒன்பது மூன்று இருபத்தேழு கிலோமீட்டர், பத்தாயிரம் அடி உயரத்தில். முதல் சுமையை வண்டியில் சேர்த்தபோது விடியற்காலை நாலு மணி. கொஞ்சம் படுத்துவிட்டு மறுபடி போனோம். அன்றைக்குப் பார்த்து வெயில். மரத்தில் தொங்கவிட்டிருந்த பின்னந்தொடையில், நாங்கள் போகும்போதே நேர் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எலும்பை எடுத்துவிட்டுத் தொங்கவிட்டிருந்தால் உள்சூடு அடங்கியிருக்கும், எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வெட்டிப் பார்த்தபோது எலும்பை ஒட்டிய பகுதி புளித்த வாடை. கிட்டத்தட்ட ஒரு தொடை முழுக்கப் போய்விட்டது. அம்மாவிடம் போனில் சொன்னேன். வேட்டைக்குப் போனதற்கே அவர் ஒன்றும் சொன்னவரில்லை. "உசிரை எடுத்தே, சரி. அதைச் சாப்பிடவும் விடாம வீணாக்கிட்டியேடா" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இன்றுவரை பதில் இல்லை.

அதிலிருந்து என் வரிசையைத் தலைகீழாக்கினேன். எல்க் எங்கே என்று கேட்பதற்கு முன், விழுந்ததைக் கெடாமல் எங்கிருந்து கொண்டுவர முடியும் என்று கேட்க ஆரம்பித்தேன். சுமை n என்றால் நடை 2n கழித்தல் 1. தனி ஆள் நாலு சுமைக்கு ஏழு நடை. இரண்டு பேர் என்றால் இரண்டு கிலோமீட்டர், மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேல் போகக் குதிரை வேண்டும், என்னிடம் ஸ்கூட்டரே இல்லை.

ஆனால் இரண்டு கிலோமீட்டருக்குள்தானே கூட்டம் முழுவதும் இருக்கிறது? அங்கேதான் நம் சர்வே கேம்ப் கைகொடுத்தது. ஏற்காட்டில் டம்ப்பி லெவலைத் தூக்கிக்கொண்டு கான்டூர் போட்டோமே, அட்டை கடித்து ரத்தம் வழிய நின்றோமே, அந்தப் பாடம் பன்னிரண்டு வருடம் கழித்துப் பயன்பட்டது என்று நம் சர்வே ஆசிரியரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அமெரிக்கப் புவியியல் துறையின் 24,000-க்கு ஒன்று அளவு மேப்பில், மலைப்பகுதியில் பெரும்பாலும் 40 அடிக்கு ஒரு கான்டூர். அதை விரித்துவைத்து, முதலில் மிருகத்தைக் குறிக்கவில்லை, மனிதர்களைக் குறித்தேன். வனத்துறை எந்த ரோட்டில் வண்டி போகலாம் என்ற மேப்பை இலவசமாகவே தருகிறது. அந்த ரோடுகளைச் சிவப்பில் வரைந்தேன். நடைபாதைகளை மஞ்சளில். குதிரைக்காரர்கள் கூடாரம் போடும் புல்வெளிகள், தண்ணீர் ஓரங்கள். வண்டி நிறுத்த வசதியான இடங்கள். இன்றைக்கு எல்லார் போனிலும் நில எல்லை காட்டும் மேப் இருக்கிறது. பயங்கர வசதிதான். ஆனால் எல்லோரும் ஒரே மேப்பைப் பார்த்து ஒரே கிண்ணப் பள்ளத்தாக்கைத்தான் குறிக்கிறார்கள். அழகாக இருக்கும் இடத்தை அவனும் பார்த்திருப்பான்.

எல்க் ரோட்டை எப்படிப் பார்க்கிறது என்பது ஊகமல்ல. ஒரிகன் மாநிலத்தில் ஸ்டார்க்கி என்ற ஆராய்ச்சிக் காட்டில் 25 ஆயிரம் ஏக்கரை வேலி போட்டு அடைத்து, 1989-லிருந்து எல்க்குகளுக்குக் கழுத்தில் கருவி கட்டிக் கவனிக்கிறார்கள். வண்டி ஓடும் ரோட்டை விட்டு அவை விலகியே நிற்கின்றன. ஆனால் இந்த விலகல் வெறும் தூரமல்ல என்று எனக்குப் பட்டது. நடுவில் ஒரு முகடோ, அடர்ந்த காடோ மறைத்தால் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

சிவப்பும் மஞ்சளும் போக மிச்சம் என்ன? பெரும்பாலும் துண்டு துக்காணி. அதில் ஒன்று எனக்குப் பிடித்தது. மலையின் இடுப்பில் ஒரு வனத்துறை ரோடு. ரோட்டுக்கு மேலே பெரிய புல்வெளி, கூட்டம் எல்லாம் அங்கே ஏறும். ரோட்டுக்குக் கீழே வடக்கு பார்த்த செங்குத்துச் சரிவு, ஊசியிலை மரங்கள் நெருக்கமாக, விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக. அடியில் ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் தனியார் பண்ணை வேலி. கீழே இறங்கினால் சுமையோடு ஏற வேண்டுமே என்று ஒருவனும் இறங்கமாட்டான். அந்தச் சரிவின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் கான்டூர் கோடுகள் கொஞ்சம் விலகி நின்றன. படிக்கட்டில் ஒரு அகலப் படி மாதிரி. ரோட்டிலிருந்து 1.3 கிலோமீட்டர், இருபது கோடு கீழே, அதாவது 800 அடி.

மேலே புல்வெளியில் வெடி கேட்டால் எல்க் பண்ணைக்கு இறங்கும். பண்ணையில் அதை யாரும் விரட்ட முடியாது, அது அதற்கும் தெரியும். வழியில் இந்தப் படி. ஆகக் கூட்டம் இங்கே எனக்கு இடைஞ்சல் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் எல்க் இந்தப் பக்கமே வராது.

ஜூலையில் போய்ப் பார்த்தேன். பழைய சாணம், கொம்பு உரசிய மரங்கள், படுத்த பள்ளங்கள். இடம் சரி. ஆனால் காற்று? விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும். ரோட்டிலிருந்து நேரே இறங்கினால் என் வாசனை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். எல்க் கண்ணை நம்பாமல் இருக்கலாம், மூக்கை நம்பாமல் இருக்காது. அதனால் அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு முதுகு வழியாக இருட்டிலேயே இறங்கி, அந்தப் படியின் மட்டத்துக்கு வந்து, பக்கவாட்டில் உட்கார வேண்டும். மேலே போனாலும் கீழே போனாலும் காற்று என்னைத் தொட்டுவிட்டு அதனிடம் போகாது. பண்ணை வேலியிலிருந்தும் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தேன். அடிபட்டது வேலி தாண்டி விழுந்தால், நிலக்காரர் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது.

மூன்றாம் வருடம் அங்கே பதினோரு எல்க் பார்த்தேன். ஆண் இரண்டுக்கும் ஒற்றைக் கொம்பு. ஒரு பக்கம் நாலு கிளை வேண்டும் என்பது அந்தப் பகுதி விதி, சுடவில்லை. நாலாம் வருடம் முதல் நாள் காலை பத்தே முக்காலுக்கு, ஐந்து கிளை ஆண் ஒன்று மேலேயிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து நின்றது. எலும்பு நீக்கி நாலு சுமை. பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது, ஆனாலும் இரண்டு சுமை தூக்கினார். ராத்திரி ஒன்பதுக்குள் முழுவதும் ஐஸ் பெட்டியில். ஒரு கிராம் வீணாகவில்லை. அம்மாவுக்கு அந்த ராத்திரியே போன் செய்தேன்.

அந்த மலைகளைப் பற்றி சிவில்காரர்களுக்கு ஒரு செய்தி. அங்கே டிராப்பர்ஸ் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1919-ல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை, ஏரியைச் சுற்றி ரோடும் கோடைவீட்டு மனைகளும் அளக்க அனுப்பியது. அவர் அளந்துவிட்டு வந்து, இங்கே ஒன்றும் கட்டாதீர்கள் என்று சிபாரிசு செய்தார். ஏரிக்கரை இன்றும் அப்படியே இருக்கிறது. மோட்டார் போகக்கூடாத காடுகளுக்கு 1964-ல் சட்டம் வந்தது, அதற்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். அளக்கப் போனவன் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது நம் சிலபஸில் இல்லை.

போன அக்டோபரில் நாலரை மணிக்கு அந்த இடத்தில் வண்டியை நிறுத்தப் போனால், ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது. ஒரு தகப்பனார், பதினாலு வயசு இருக்கும் ஒரு மகள். மகளுக்கு முதல் சீசன். ஆரஞ்சுத் தொப்பி கண்ணை மறைத்தது. கையில் அச்சடித்த மேப். அதில் அந்தப் படியைச் சுற்றி பென்சில் வட்டம். போனைப் பார்க்காமல் கோடுகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "நீங்களும் இங்கேயா?" என்று அவர் கேட்டார். பொதுநிலம், முதலில் வந்தவருக்கு இடம். சட்டத்தில் அப்படி இல்லை, மரியாதை அப்படி.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். மூன்று வருஷ உழைப்பு, சும்மா கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர்கள் நேரே இறங்கத் தயாராக நின்றார்கள். இறங்கியிருந்தால் காற்று கெடுத்து எல்க் எல்லாம் பண்ணைக்குப் போய்விடும், அந்தப் பெண்ணும் ஒன்றையும் பார்க்காது. கடைசியில் அவளுடைய மேப்பை வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்து முதுகு வழியைப் பென்சிலால் போட்டுக் கொடுத்தேன். காற்று திரும்பும் நேரத்தையும் எழுதினேன்.

நாங்கள் இரண்டாவதாகக் குறித்துவைத்திருந்த இடத்துக்குப் போனோம். ஐந்து இடமாவது கையில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. அந்த வருஷம் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததா, தெரியாது. அந்தப் படியை என் மேப்பில் அடித்துவிட்டேன். இப்போது வேறொரு துண்டு கண்ணில் பட்டிருக்கிறது. கான்டூர் நெருக்கம், ஓடையைக் கடக்க வேண்டும், வண்டி நிறுத்த வசதியே இல்லை. ஜூலையில் போய்ப் பார்க்கப் போகிறேன். இடத்தின் பெயரை மட்டும் சாப்பாட்டுப் பந்தியில் யாரும் கேட்காதீர்கள்.