யாழ்ப்பாண நகரின் நீர்க்கரை



யாழ்ப்பாண நகரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கோயில்களையும் கல்விச்சாலைகளையும் பனந்தோப்புகளையுமே எடுத்துப் பேசுவர். அது நீரோரத்தில் அமைந்த நகரம் என்பதை நினைவூட்டுவோர் சிலரே. மேற்கே நாவாந்துறையில் தொடங்கிப் பண்ணை, கோட்டையடி, குருநகர், பாசையூர் என்று நடந்து கொழும்புத்துறையைச் சேரும்வரை, கடனீரேரியே நகருக்கு எல்லையாக நிற்கின்றது. இவ்வூர்ப் பெயர்களுள் 'துறை' என்னும் சொல் இரு முறை வருவதைக் கவனியுங்கள். குருநகருக்கும் கரையூர் என்பதே பழைய பெயர். இந்தக் கரையை எவ்வாறு திருத்தி அமைப்பது, யாருக்காக அமைப்பது என்பதே இன்று யான் உங்களோடு ஆராய விரும்பும் பொருள்.

முதலில், இக்கரையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கடனீரேரியின் ஓரத்திலே கோட்டை கட்டினர். 1658 இல் அதனைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், ஐங்கோண வடிவில் அதைப் புதுக்கினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை என்றால் அதன் முன்னே மறைப்பு ஒன்றும் இருத்தலாகாது. பீரங்கியின் பார்வைக்குத் தடையாக வீடோ மரமோ நிற்கக் கூடாது. இவ்வாறு போர்த்தேவைக்காக வெறுமையாக விடப்பட்ட நிலமே நாம் முற்றவெளி என்று அழைக்கும் திடல். அஞ்சி ஒதுக்கிய வெளி, காலப்போக்கில் மக்கள் கூடும் வெளியாயிற்று. கூட்டங்களும் கண்காட்சிகளும் விளையாட்டுகளும் அங்கே நடந்தன. 1959 இல் திறக்கப்பட்ட பொதுசன நூலகமும், தந்தை செல்வாவின் நினைவுத்தூபியும் அவ்வெளியை அடுத்தே எழுந்தன. அந்நூலகம் 1981 இல் எரியுண்டதையும், பின்னர் மீண்டும் எழுந்ததையும் நேயர்கள் அறிவர். ஆகவே இந்தக் கரையிலே நகரத்தின் பெருமையும் துயரும் ஒருங்கே தங்கியிருக்கின்றன.

போர் முடிந்தபின் இக்கரையின் தோற்றம் விரைவாக மாறி வருகின்றது. துரையப்பா விளையாட்டரங்கு புதுக்கப்பட்டு 2016 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இந்திய அரசின் நன்கொடையிலே நூலகத்துக்கு அருகில் பதினொரு மாடிகளைக் கொண்ட பண்பாட்டு மையம் எழுந்து, 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு வீதி, வடிகால் முதலிய வேலைகள் நகரிலே நடைபெற்றன. பண்ணைக்கு எதிரே நீருக்கு அப்பால் தெரியும் மண்டைதீவிலே, சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றுக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரநிலத்துக்கு ஊறு நேருமோ என்ற கேள்வியும் உடனே எழுந்தது. மாலை வேளைகளிலே பண்ணைக் கரையில் காற்று வாங்க வருவோர் தொகையும் பெருகியுள்ளது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல நோக்கம் கொண்டவையாகலாம். ஆனால், தனித்தனியே செய்யப்படும் பத்து நல்ல காரியங்கள் கூடினால் ஒரு திட்டம் ஆகிவிடும் என்று சொல்வதற்கில்லை.

திட்டம் என்பது ஒரு கேள்வியில் தொடங்குகின்றது: கரை என்பது யாது? நகரத்தின் நடுவே வாழ்பவருக்குக் கரை என்பது நிலம் முடியும் இடம். அங்கே ஓர் இருக்கை, ஒரு விளக்கு, நடப்பதற்கு நல்ல பாதை, பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல் இருந்தால் அவர் மனம் நிறைவடையும். கடற்றொழிலாளருக்கோ கரை என்பது தொழில் தொடங்கும் இடம். வள்ளம் கட்டவும், வலை உலர்த்தவும், மீனை ஏலம் கூறவும், இயந்திரத்தைத் தோளில் சுமந்து ஏறவும் அவருக்கு இடம் வேண்டும். ஆழமற்ற கடனீரேரியிலே களங்கண்டி வலையும் சிறகு வலையும் கட்டித் தொழில் செய்வோர், கரையிலிருந்து தம் தடிகளைக் கண்ணால் காணும் தூரத்திலேயே வாழ்பவர்கள்.

எங்கள் பாடசாலையிலே ஒருமுறை மாணவர்களிடம் நகரக் கரையின் படத்தை வரையச் சொன்னேன். நகரத்துப் பிள்ளைகள் வீதியையும் கோட்டையையும் நூலகத்தையும் அழகாக வரைந்துவிட்டு, தெற்கே நீலநிறம் தீட்டி நிறுத்திக்கொண்டனர். கரையோரப் பிள்ளைகள் இருவர் மட்டும் நிலப்பகுதியைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டு நீருக்குள்ளே வரைந்திருந்தனர்: வள்ளம் போகும் வாய்க்கால், சேறு மிகுந்த இடம், தடிகள் நாட்டிய வரிசை, இறால் படும் இடம். நிறந்தீட்டி மூடப்பட்ட நீருக்குள்ளே இவ்வளவு ஊர் இருக்கிறது என்பதை அன்று வகுப்பு முழுவதும் கண்டது. நகர அமைப்பாளரின் படங்களையும் நாம் இவ்வாறே நோக்க வேண்டும். அவற்றிலே நீர் வெறும் நீலமாக இருக்குமானால், அத்திட்டம் பாதிக் கரையை மட்டுமே அறிந்த திட்டமாகும்.

நம் முன்னோர் இவ்விரு பயன்களையும் பிரித்துப் பார்த்தவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, பண்டங்கள் குவிந்த துறைமுகத்தையும், பரதவர் ஓய்ந்து மகிழும் மணற்கரையையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்துக் காட்டுகின்றது. பெருநகரத்தின் செல்வத்தைச் சொல்லும்போது மீனவர் குடியிருப்பை மறைக்க வேண்டும் என்று அப்புலவருக்குத் தோன்றவில்லை.

அண்மைக் காலத்திலே சென்னை நகரம் இப்பாடத்தை வருத்தத்தோடு கற்றது. கிராண்ட் டஃப் என்னும் ஆளுநர் காலத்தில், 1884 ஆம் ஆண்டளவில், மெரினாவின் உலாச்சாலை அமைந்தது. அக்கரையின் தென்பகுதியிலே நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. 2023 ஏப்பிரலில், போக்குவரத்துக்கு இடையூறு என்ற காரணத்தால், நீதிமன்ற ஆணையின்படி சாலையோர மீன் கடைகளை அகற்ற மாநகராட்சி முற்பட்டது, மீனவர் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் அவ்விடத்திலேயே மீன் சந்தை ஒன்று கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சந்தையை முதலிற் கட்டிவிட்டுப் பின்னர் சாலையைப் பற்றிப் பேசியிருந்தால், அத்தனை மனக்கசப்புக்கு இடம் இருந்திராது. குருநகரிலும் பாசையூரிலும் இம்முறை மாறாது இருத்தல் வேண்டும். இறங்குதுறை, ஏலக்கூடம், ஐஸ், குடிநீர், வலை உலர்த்தும் திடல் ஆகிய இவை முதலில். உலாச்சாலை அதன் பிறகு.

இனி, நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையின் அழகு கல்லிலே இல்லை, நீரிலே இருக்கின்றது. நாற்றம் வீசும் நீரின் அருகே எவ்வளவு அழகிய இருக்கையை அமைத்தாலும் அதில் அமர்வார் இலர். யாழ் நகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை. வீடுதோறும் மலக்குழிகள் உள்ளன. நிலத்தடியிலே நீரை எளிதில் ஊடுருவ விடும் சுண்ணாம்புக் கல் உள்ளது. வீதியோர வாய்க்கால்களில் விழும் அழுக்கு, மாரி மழையோடு கடனீரேரிக்கே செல்கின்றது. நகரத்தின் குப்பை கொட்டப்படும் கல்லுண்டாய் வெளியும் அந்நீருக்கு அணித்தே உள்ளது. ஆழமில்லாத நீருக்குத் தன்னைத் தானே தூய்மை செய்யும் வலிமை குறைவு. தாம்போதிகள் குறுக்கிட்டு நீரோட்டம் குறுகுமிடத்தில் அவ்வலிமை இன்னும் குறையும். அந்நீரிலேதான் இறாலும் நண்டும் வளர்கின்றன. வடபகுதிக் கடலிற் பிடிபடும் நீலக்கால் நண்டு, பதனிடப்பட்டு வெளிநாடுகளுக்கும் போகின்றது. எனவே நீரின் தூய்மை என்பது உலாவ வருவோரின் வசதி மாத்திரம் அன்று. பல குடும்பங்களின் அடுப்பும் அதனோடு எரிகின்றது.

சிங்கப்பூர் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1977 ஆம் ஆண்டிலே பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆறு தூய்மையாக வேண்டும் என்று இலக்கு வகுத்தார். முதலில் கழிவுநீர் ஆற்றிற் சேராதவாறு தடுத்தனர். பன்றிப் பண்ணைகளை அகற்றினர். தெருவோர வியாபாரிகளுக்கு வேறிடங்களில் கடைகள் அமைத்தனர். ஆற்றின் அடியிற் படிந்த சேற்றைத் தோண்டி எடுத்தனர். 1987 இல் அவ்வேலை நிறைவெய்தியது. இன்று உலகம் போற்றும் அக்கரையின் எழிலெல்லாம் அந்தப் பத்தாண்டு உழைப்பின் மேல் நிற்பதே. ஆயினும் அங்கிருந்து நாம் கொள்ளத் தகாதது ஒன்றும் உண்டு. ஆற்றிலே சரக்கேற்றிய தோணிகள் யாவும் 1983 இல் வேறு துறைக்கு அனுப்பப்பட்டன. ஆறு தூய்மையாயிற்று, ஆனால் அதன் பழைய தொழில் அங்கே இல்லாது போயிற்று. நாம் நீரைத் தூய்மை செய்வது வள்ளங்களை வெளியேற்றுவதற்காக அன்று, அவை நிலைத்திருப்பதற்காக.

நகரத்துக் குளங்களும் இக்கரையைச் சேர்ந்தவையே. மழைநீரைத் தேக்கி, மண்ணிற் சுவறவிட்டு, மிகுதியை மெல்ல அனுப்புவன அவை. ஆரியகுளம் 2021 இல் சீர் செய்யப்பட்டது. ஏனைய குளங்களும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் அவ்வாறே பேணப்படுமானால், மாரியிலே தெருவில் நிற்கும் வெள்ளமும் குறையும். கடனீரேரியிற் சேரும் அழுக்கும் குறையும். கரையோரத்திலே கண்டல் மரங்கள் நிற்கும் இடங்களைச் சேற்றுநிலம் என்று எண்ணி நிரப்பிவிடலாகாது. அவை மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். அலைக்கும் காற்றுக்கும் வேலி.

அடுத்ததாக, வெளியின் அருமை. கொழும்பிலே காலிமுகத் திடலின் உலாச்சாலையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்க, 1859 இல் அது நிறைவுற்றது. கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைத் தம் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாக அவர் அங்கே கல்லிற் பொறித்து வைத்தார். அதன் பக்கத்திலே பெருங்கட்டடங்கள் எழுந்துவிட்டன. கடலை நிரப்பி 269 ஹெக்டேயரிலே துறைமுக நகரும் உருவாகியுள்ளது. எனினும் அத்திடல் இன்னும் வெளியாகவே இருக்கின்றது. கட்டணம் இன்றி எவரும் அங்கே பட்டம் விடலாம். நமது முற்றவெளிக்கும் பண்ணைக் கரைக்கும் இத்தகைய ஓர் உறுதிமொழி வேண்டும். கோட்டை மதிலுக்கும் நீருக்கும் நடுவே உயர்ந்த கட்டடம் வேண்டாம். வேலியிட்டுக் கட்டணம் அறவிடும் பூங்கா வேண்டாம். உணவுச்சாலையின் வாடிக்கையாளருக்கு மட்டும் திறக்கும் கரை வேண்டாம். கட்டிய வீட்டை இடிப்பது அரிது. ஆதலால் கட்டுமுன் நன்கு எண்ணுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் செய்வது? 1949 இல் தோன்றிய மாநகர சபை உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபை உண்டு. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கரையோரம் பேணும் திணைக்களம் உண்டு. கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்களம், தொழிலுக்குக் கடற்றொழில் திணைக்களம், பெருவீதிக்கு வீதி அதிகார சபை என்று ஒவ்வொரு முழ நிலத்துக்கும் ஒவ்வோர் உரிமையாளர். பலர் கூடிக் காக்கும் வயலில் வரம்பு கட்டுவார் இலர் என்பது போல ஆகிவிடக் கூடாது. இவ்வனைவரும் ஒப்பமிட்ட ஒரே வரைபடம் வேண்டும். அது தமிழிலே எழுதப்பட்டு, எவரும் சென்று பார்க்கும்படி பொதுசன நூலகத்திலே தொங்க வேண்டும். அதன்மேல் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் குருநகரிலும் நாவாந்துறையிலும் நடைபெற வேண்டும். அதுவும் காலை வேளையில் அன்று. இரவெல்லாம் கடலில் நின்று விடியலில் மீனை ஏலம் கூறி உறங்கச் சென்றவரை, காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர்கள் வரவில்லை என்று குறிப்பெழுதுவது நீதியாகாது.

நேயர்களே, இவை எட்டாத காரியங்கள் அல்ல. கல்லும் சீமெந்தும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை வடிகாலுக்கு ஒதுக்குவதும், கோடு போடுமுன் அக்கரையில் வாழ்பவரை வினவுவதும், வெளியை வெளியாகவே விடுவதும் எந்த நகரத்துக்கும் இயலும். நகரத்தார் காற்று வாங்க வருவதற்காகக் கடற்றொழிலாளன் தன் துறையிலே விருந்தாளியாகி நிற்க நேர்ந்தால், அக்கரை எவ்வளவு ஒளிவிளக்குகளால் மின்னினாலும் அது நம் நகரத்தின் கரையாகாது. உங்கள் வட்டாரத்து மாநகர சபை உறுப்பினரை அடுத்த முறை காணும்போது, கரையில் என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்பதோடு நில்லாது, வாய்க்காலின் வாயிலே என்ன செய்யப்போகிறீர்கள், வலை உலர்த்த எந்த இடத்தை விட்டிருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.