கொலுவுக்கு ஒரு காகிதக் கபாலி கோபுரம்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தின் முடிவில் பேசியது)

பராமரிப்புத் தொகையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். நான் அட்டை, பசை பற்றித்தான் பேசப்போகிறேன், பயப்படாமல் உட்காருங்கள்.

போன கோடை விடுமுறையில் கேனானின் கிரியேட்டிவ் பார்க் தளத்திலிருந்து தாஜ்மஹால் காகித மாதிரியை இலவசமாக இறக்கி, பேத்தியும் நானும் வெட்டி ஒட்டினோம். நன்றாகவே வந்தது. நவராத்திரிக்குக் கொலுவில் வைக்கலாம் என்றேன். "நம்ம கோயிலை வெச்சாதானே தாத்தா நல்லா இருக்கும்?" என்றாள். தேடினேன், கபாலி கோபுரம் எதுவும் என் கண்ணில் படவில்லை. சரி, நாமே வரைவோம் என்று பென்சிலை எடுத்தால், அதற்கு எத்தனை நிலை என்றே எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாகக் காய்கறிப் பையோடு அந்த வழியாகத்தான் நடக்கிறேன். குழந்தை முன்னால் வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் விடிகாலையில் சன்னதித் தெருவில் நின்று இருவரும் எண்ணினோம். ஏழு. 1906இல் எழுப்பிய கிழக்குக் கோபுரம், உயரம் சுமார் 120 அடி. (குளத்தைப் பார்த்தபடி நிற்பது சின்ன மேற்குக் கோபுரம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள்.) நூறில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர், கொலுவுக்கு அளவான உயரம்.

வாசலில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தை வைத்து வரையாதீர்கள். மேல் நிலைகள் சூம்பிப்போய்த் தெரியும். முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள்.

என் முதல் கோபுரம் மூலைகளில் வாயைப் பிளந்தது. காரணம் இதுதான். கோபுரத்தின் அடி சதுரமல்ல, நீள்சதுரம். மேலே போகப்போக நான்கு பக்கமும் உள்ளே சாயும். ஆனால் ஒரே அளவில் சாயாது. என் வரைபடத்தில் கல் அடித்தளத்துக்கு மேல் 25 செ.மீ. உயரம். நீளவாக்கில் ஒவ்வொரு முனையும் 6 செ.மீ. குறுகுகிறது, அகலவாக்கில் 3 தான். சாய்ந்த சுவர் நேர் உயரத்தைவிட நீளம் அல்லவா? ஆகவே அகலமான முகப்புத் துண்டுக்கு 25.2, ஒடுங்கிய பக்கவாட்டுத் துண்டுக்கு 25.7 உயரம் வேண்டும். நான் நான்கையும் 25 என்றே வெட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ், அறுபத்தெட்டு வயதில்தான் உபயோகப்பட்டார்.

உச்சி கூம்பு அல்ல. படுக்கவைத்த பீப்பாய் மாதிரி வளைவு. ஒரு துண்டை ஸ்கேல் விளிம்பில் இழுத்து வளைத்தாலே போதும். சுதைச் சிற்பங்களை வெட்டப் புறப்பட்டால் அடுத்த நவராத்திரியும் வந்துவிடும். படமாக அச்சிட்டு ஒட்டுங்கள்.

சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் நிற்காது. 200க்குக் குறையாத அட்டை வாங்குங்கள். மொத்தமாக வேண்டுமானால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறிய பிறகே மடியுங்கள். அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், நூறு சதவீதம் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாததால் ஒரு முழு நிலை எனக்குச் சிறுத்துப்போனது. ஃபெவிகால் கொஞ்சம்தான், நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதிகம் தடவினால் அட்டை நெளியும்.

இரண்டாவது கோபுரம் இதோ மேஜைமேல் இருக்கிறது. லேசாக வடக்கே சாய்கிறது, பேத்தி அதைச் சொல்லக்கூடாது என்றாள். வரைபடத்தைச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்குக் குழந்தைகளை இங்கே அனுப்புங்கள். பெரியவர்களும் வரலாம். கத்தரிக்கோல் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலை இனித் தொடக்கூடாது என்று உத்தரவு.