கணக்கை மறைத்தவர்களும் ஹார்னிமனும்
(சிவகாசி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருந்து அறை வெடித்தால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை பேர்?” என்பதுதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டார்கள். கணக்கில் வராதவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஏது? பிணக்கணக்கை மறைப்பது ஆள்வோரின் பழைய வேலை. அதை எதிர்த்த ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெஞ்சமின் ஹார்னிமன், 1913 முதல் “பாம்பே கிரானிக்கிள்” ஆசிரியர். 1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாகில் டயர் 1650 ரவை சுடவைத்தான். பஞ்சாபிலிருந்து சேதி வெளியே வராதபடி சர்க்கார் அடைத்தது. கிடைத்த சேதியைக் கிரானிக்கிள் துணிந்து போட்டது. அதன் நிருபர் கோவர்தன் தாஸுக்கு மூன்று வருஷம் ஜெயில். ஹார்னிமனை அந்த ஏப்ரலிலேயே கப்பலேற்றி நாடு கடத்தினார்கள்.

செத்தவர் 379 என்றது சர்க்கார். ஆயிரம் வரை என்றது காங்கிரஸ் விசாரணைக் குழு. நூறு வருஷமாகியும் அந்தக் கணக்கு தீரவில்லை!

ஹார்னிமன் கம்யூனிஸ்டு அல்ல, ஹோம் ரூல்காரர், மறைப்பானேன்? ஆனால் தன் நாட்டான் செய்த கொலையைத் தன் நாட்டாரிடமே சொன்னார். 1920-ல் அமிர்தசரஸ் பற்றி நூல் எழுதினார். 1926-ல்தான் இந்தியா திரும்ப முடிந்தது. வந்ததும் பழையபடி பேனாவை எடுத்தார்.

நம் ஊருக்கு வருகிறேன். காலையில் எந்த ஷெட்டுக்குள் யார் யார் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு ஆலைக்குள் இருக்க வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.