மூன்று நட்சத்திரங்களைத் துறந்த சமையற்காரர்

மோட்டார் வண்டிகளுக்கு ரயர் செய்யும் பிரெஞ்சு நிறுவனமொன்று உணவுச்சாலைகளுக்குத் தராதரம் வகுக்கின்றதென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. மிச்செலின் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் வண்டியோட்டிகளுக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டது. 1926 முதல் அந்நூல் சிறந்த உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கிற்று. தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாத பரிசோதகர் சாதாரண விருந்தினர் போல வந்து உண்பார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். தீர்ப்பு பின்னர் அச்சில் வரும். மூன்று நட்சத்திரமே அதன் உச்சம். அவ்வுணவுச்சாலைக்காகவே ஒரு பயணம் மேற்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

அவ்வுச்சத்தை எட்டிய முதற் பிரித்தானியச் சமையற்கலைஞர் மார்க்கோ பியர் வைற் என்பவர். அவர் 1961இல் லீட்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையும் சமையற்காரரே, தாய் இத்தாலியப் பெண்மணி. ஆறு வயதிலே தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியபோது அவர் கையிற் சான்றிதழ் ஒன்றுமில்லை. பரீட்சைச் சான்றிதழே வாழ்வின் திறவுகோலென நம்பும் பெற்றோர் இதனைக் கேட்டுச் சினவாதிருப்பாராக!

ஹரோகேற்றில் ஒரு ஹோட்டலின் சமையற்கூடத்திலே தொழில் தொடங்கியவர், பின்னர் இல்க்லியில் பயின்று, 1981இல் இலண்டன் சென்று அல்பேர்ட் றூ என்னும் பிரெஞ்சு ஆசானிடம் சேர்ந்தார். 1987இல் வாண்ட்ஸ்வேர்த்திலே ‘ஹாவீஸ்’ என்ற உணவுச்சாலையைத் திறந்தார். சிப்பியோட்டினுள் மெல்லிய மாவிழைகளைச் சுருட்டி வைத்து, அதன்மேற் சிப்பியிறைச்சியை அமர்த்தி, மீன் முட்டை தூவிப் பரிமாறிய உணவு அங்கே பெயர்பெற்றது. மறு ஆண்டே முதல் நட்சத்திரம், 1990இல் இரண்டாவது. அக்கூடத்தில் இளைஞர் பலர் வசைமொழி கேட்டே தொழில் பயின்றனர். அவருள் ஒருவர் பின்னாளிற் பெரும்புகழ் ஈட்டிய கோர்டன் றம்சி. வைற்றின் கைத்திறனைப் போற்றுவோர் அக்கடுமையையும் சேர்த்துப் போற்றவேண்டியதில்லை.

1995ஆம் ஆண்டுக் கைந்நூல் அவருக்கு மூன்றாம் நட்சத்திரத்தை அளித்தது. அப்போது வயது 33. அதுவரை அத்துணை இளவயதில் எவரும் அதனைப் பெற்றதில்லை. இங்கிலாந்தில் அதற்குமுன் அச்சிறப்பைக் கண்டவர் பிரெஞ்சுக்காரரே. வைற்றோ, பிரெஞ்சு முறையிற் சமைத்தவராயினும், பிரான்சு நாட்டில் அன்றுவரை காலடி வைத்தவரல்லர்.

ஆனால், ஏறியபின் என்ன செய்வது? நான்காம் நட்சத்திரம் கிடையாது. நேற்றுச் செய்ததை இன்றும் அணுவும் பிசகாது செய்தலே எஞ்சிய வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுப்படியிலே கழிந்தது. பிள்ளைகளைக் காண நேரமில்லை. அடுப்பண்டை நில்லாமலே தம் பெயரைச் சொல்லிப் பெருவிலை வாங்கலாம். அது பொய்யாக வாழ்வதாகும் என்று அவர் கருதினார். அன்றியும், தம்மை மதிப்பிடுவோர் தம்மளவு தொழிலறிவு உடையவரல்லர் என்ற எண்ணமும் அவருக்கு வந்துவிட்டது. இதில் செருக்கு இல்லையென்று கூறவியலாது. முற்றிலும் பிழையென்றும் கூறவியலாது.

1999 டிசெம்பர் 23ஆம் நாள் இறுதியாகச் சமைத்தார். நட்சத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அப்போது அவர் வயது 38. நட்சத்திரம் உண்போருக்குக் கூறப்படும் அபிப்பிராயமேயன்றிப் பதக்கமன்று. அதைத் திருப்பிக் கொடுத்தல் எங்ஙனம் என்று வினவுவாரும் உளர். எனினும் உலகம் அவ்வறிவிப்பைத் துறவாகவே கொண்டது.

பின்னர் உணவுச்சாலைகள் பலவற்றை நடத்தினார், தொலைக்காட்சியில் தோன்றினார், தொழிற்சாலையிற் செய்த சூப்புக்கட்டிகளுக்கு விளம்பரமும் செய்தார். இது தகுமோ என்று பலர் முகஞ்சுளித்தனர். அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மாணவர் றம்சி 2001இல் மூன்று நட்சத்திரம் பெற்றார். மறு ஆண்டே, 28 வயது இத்தாலியர் ஒருவர் வைற்றின் வயதுச் சாதனையையும் முறியடித்தார்.